சின்ஹலைட்: பழுப்புக் கற்களுக்குள் ஒளிந்திருக்கும் போரேட்டைக் கண்டறிவதும் சேகரிப்பதும்

போரேட் கனிமங்களில் தமிழ் வாசகர்களுக்குப் பழக்கமானது வெண்காரம்தான். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அந்த வெண்ணிறக் கட்டி நீரில் கரையும். நகத்தால் அழுத்திக் கீறினாலே தடம் விழும். வறண்ட ஏரிப் படுகைகளில் பாளம் பாளமாகப் படிந்து கிடக்கும். சின்ஹலைட்டும் ஒரு போரேட்தான் என்றாலும் இந்தக் குணங்களில் ஒன்றுகூட அதற்கு இல்லை. மக்னீசியம், அலுமினியம், போரான், ஆக்சிஜன் ஆகியவை சேர்ந்த இக்கனிமம் மோ அளவுகோலில் 6.5 முதல் 7 வரை கடினத்தன்மை உடையது. ஆற்றுச் சரளையில் உருண்டு உருண்டு மழுங்கினாலும் கரையாமல் நிலைப்பது. பட்டை தீட்டினால் வெளிர்மஞ்சள் முதல் அடர்பழுப்பு வரையிலான நிறங்களில் ரத்தினக்கல்லாக மிளிர்வது. இலங்கையின் ரத்தினச் சரளைகளே இதன் பேர்பெற்ற இருப்பிடம். அத்தீவின் பழைய வடமொழிப் பெயரை ஒட்டியே இதற்குப் பெயரும் சூட்டப்பட்டது.

இதைத் தேடுபவர் தொடக்கத்திலேயே தெளிவாக உணர வேண்டிய ஒன்று உண்டு. சின்ஹலைட்டைக் கண்ணால் பார்த்து அடையாளம் காண இயலாது. நிறமும் பளபளப்பும் ஐயத்தை எழுப்புவதற்கு மட்டுமே உதவும். முடிவு சொல்பவை ஒளிவிலகல் எண் (ஒளி கல்லுக்குள் எவ்வளவு வளைகிறது என்பதன் அளவு), ஒப்படர்த்தி (அதே பருமனுள்ள நீரைவிடக் கல் எத்தனை மடங்கு கனம் என்பது), நிறமாலை (கல் எந்த நிறங்களை விழுங்குகிறது என்பது) ஆகிய மூன்றின் அளவீடுகள். அவற்றிலும் ஏதேனும் ஒன்றை மட்டும் வைத்து முடிவுக்கு வருவது ஆபத்து என்பதை இக்கனிமத்தின் வரலாறே காட்டுகிறது.

பெரிடாட் என்ற பெயரில் வாழ்ந்த கல்

1952ஆம் ஆண்டு வரை இலங்கையிலிருந்து வந்த சின்ஹலைட் கற்கள் பழுப்பு நிறப் பெரிடாட் என்றே விற்கப்பட்டன. அருங்காட்சியகங்களிலும் அதே பெயருடன்தான் இருந்தன. இது கவனக்குறைவால் நேர்ந்தது அன்று. பெரிடாட் என்பது மக்னீசியமும் இரும்பும் கலந்த சிலிக்கேட்டான ஆலிவின் கனிமத்தின் ரத்தின வகை. அதன் படிகத்தில் மக்னீசியமும் சிலிக்கானும் அமர்ந்திருக்கும் இடங்களில் அலுமினியமும் போரானும் அமர்ந்தால் மின்னூட்டக் கணக்கு அப்படியே சரியாக இருக்கும். அணுக்களின் அடுக்கும் மாறாது. அவ்வாறு அமைந்ததே சின்ஹலைட். வைடூரியத்தின் மூலக் கனிமமான கிரைசோபெரிலும் இதே அடுக்கமைப்பைக் கொண்டதுதான். அடுக்கு ஒன்றாக இருப்பதால் ஒளியியல் குணங்களும் நெருங்கி வருகின்றன.

பெரிடாட்டைவிட இக்கற்கள் சற்றுக் கனமாக இருப்பதை அளந்தவர்கள், இரும்பு கூடுதலாக உள்ள ஆலிவின் என்று விளக்கம் சொல்லிக்கொண்டார்கள். அந்த விளக்கம் எண்களோடு ஏறத்தாழப் பொருந்தியும் போனது. லண்டனில் ரத்தினங்களைப் பரிசோதித்துவந்த ஆண்டர்சனும் பேய்னும் எழுப்பிய ஐயத்தைத் தொடர்ந்து, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் கிளாரிங்புல்லும் ஹேயும் எக்ஸ்-கதிர் ஆய்வும் வேதிப் பகுப்பாய்வும் செய்தபோதுதான் இது சிலிக்கேட்டே அல்ல, போரானைக் கொண்ட புதிய கனிமம் என்பது வெளிப்பட்டது. தெரிந்த பெயருக்குள் எண்களை இழுத்துப் பொருத்தும் பழக்கம் இன்றும் நம்மிடம் உண்டு என்பதால் இந்த வரலாற்றை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

எங்கே தேடுவது

போரான் நிறைந்த பாய்மங்கள், சிலிக்கா குறைந்து மக்னீசியம் மிகுந்த சுண்ணப்பாறையோடு உயர்வெப்பத்தில் வினைபுரியும் இடங்களில் சின்ஹலைட் உருவாகிறது. சிலிக்கா தாராளமாக இருந்துவிட்டால் போரான் டூர்மலின் போன்ற சிலிக்கேட்டுகளுக்குள் போய்ச் சேர்ந்துவிடும்; சின்ஹலைட் அரிதாக இருப்பதற்கு இது ஒரு முதன்மைக் காரணம். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஜான்ஸ்பர்க் என்ற இடத்தில் இது பாறையோடு பாறையாக, செரண்டிபைட் என்னும் மற்றொரு அரிய போரான் கனிமத்துடன் சேர்ந்து கிடைத்திருக்கிறது. மியான்மரின் மோகோக், தான்சானியா ஆகிய இடங்களிலும் கிடைத்துள்ளது. செரண்டிபைட்டையும் முதலில் தந்தது இலங்கைதான்: கண்டிக்கு அருகிலுள்ள கங்காப்பிட்டியிலிருந்து கிடைத்த அதை 1903இல் பிரையர் என்பவருடன் இணைந்து விவரித்தவர், பின்னாளில் கலை வரலாற்றாசிரியராக உலகப் புகழ்பெற்ற ஆனந்த குமாரசுவாமி. அவர் அந்நாளில் இலங்கையின் கனிம ஆய்வுப் பணியில் இருந்த நிலவியலாளர் என்பதைப் பலர் அறிவதில்லை.

இலங்கையில் சேகரிப்பாளருக்குக் கிடைப்பவை பெரும்பாலும் நீரோட்டத்தில் தேய்ந்த கூழாங்கற்கள். இரத்தினபுரி, எலஹெர போன்ற பகுதிகளில் மண்ணுக்கடியில் ‘இல்லம’ எனப்படும் சரளை அடுக்கு வரை குழி தோண்டி, சரளையை மேலே ஏற்றி, கூடைகளில் இட்டு நீரில் சுழற்றிக் கழுவுகிறார்கள். இலேசான மணலும் களிமண்ணும் ஓடிய பிறகு கூடையின் அடியில் தங்கும் கனமான கற்களில் நீலமும் ஸ்பைனலும் கார்னெட்டும் சிர்க்கானும் டூர்மலினும் கலந்திருக்கும். சின்ஹலைட் இருந்தால் அதுவும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கும்.

இலங்கையில் ரத்தினம் தோண்டுவதற்கும் வணிகம் செய்வதற்கும் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையின் உரிமம் வேண்டும். 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது அச்சபை. எனவே ஆற்றோரத்தில் நாமே தோண்டிப் பார்க்கலாம் என்ற எண்ணத்தைக் கைவிட வேண்டும். உரிமம் பெற்ற குழிக்காரர்களிடமும் வணிகர்களிடமும் வாங்குவதே சரியான வழி. இரத்தினபுரியின் தெருச் சந்தை ஒருபுறம் இருக்க, தமிழ் பேசுபவருக்கு வசதியானது பேருவளை சீனன்கோட்டைச் சந்தை. தலைமுறைகளாகக் கல் வணிகம் செய்யும் முஸ்லிம் குடும்பங்கள் நிறைந்த அவ்விடத்தில் பேச்சு பெரும்பாலும் தமிழிலேயே நடந்துவிடும். வாங்கிய கல்லை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதானால் அதிகார சபையின் ஏற்றுமதி நடைமுறை வழியாகவே கொண்டுபோக வேண்டும். அதற்கான கொள்முதல் ரசீது முதலியவற்றை வாங்கும்போதே கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். பிறகு கேட்டால் கிடைப்பது அரிது.

சந்தையில் ‘சின்ஹலைட் இருக்கிறதா?’ என்று கேட்டால் விலை உயரும், அல்லது சின்ஹலைட் அல்லாத ஒன்று அந்தப் பெயரில் வரும். பெயர் சொல்லாத கலப்புப் பொட்டலங்களைப் பார்ப்பதே மேல் என்பது என் கருத்து. மலிவு விலையில் போகும் பழுப்பு, தேன் நிறம், பச்சை கலந்த பழுப்பு நிறக் கற்களின் குவியலைக் கேளுங்கள். இதைவிடவும் நல்ல வேட்டைக்களம் ஒன்று உண்டு: 1952க்கு முந்தைய பழைய நகைகளிலும் பழைய சேகரிப்புகளிலும் ‘பழுப்புப் பெரிடாட், இலங்கை’ என்ற குறிப்போடு இருக்கும் கற்கள். அத்தகைய குறிப்புள்ள கல் எதுவாயினும் அளந்து பார்க்காமல் விடக்கூடாது.

முதல் வடிகட்டல்

கல்லைத் துடைத்துவிட்டு 10 மடங்கு பெருக்கும் லூப் வழியாக, முன்பக்கத்திலிருந்து உள்ளே ஊடுருவி அடிப்புறப் பட்டைகளின் விளிம்புகளைப் பாருங்கள். கல்லுக்குள் நுழையும் ஒளி இரண்டாகப் பிரியும் அளவான இரட்டை ஒளிவிலகல் சின்ஹலைட்டில் சுமார் 0.037 என்பதால் விளிம்புகள் தெளிவாக இரண்டிரண்டாகத் தெரியும். கல்லைச் சற்றே திருப்பித் திருப்பிப் பல திசைகளில் பார்க்க வேண்டும். சில திசைகளில் இரட்டிப்பு மறைந்துவிடும். எந்தத் திசையிலும் இரட்டிப்பு தெரியாவிட்டால் அது கோமேதகம் முதலிய கார்னெட் வகைகளில் ஒன்றாகவோ ஸ்பைனலாகவோ கண்ணாடியாகவோ இருக்கலாம். இரட்டிப்பு மிக அகலமாகவும் பளபளப்பு வைரத்தை நினைவூட்டுவதாகவும் இருந்தால் சிர்க்கானைச் சந்தேகிக்க வேண்டும்.

உள்ளே வட்டத் தட்டுகள் அல்லி இலைகளைப் போல மிதந்து, அவற்றின் நடுவே சிறு கரும்புள்ளியும் தென்பட்டால் அது பெரிடாட் என்பதற்கான வலுவான அறிகுறி. அத்தகைய கல்லை இத்தோடு ஒதுக்கிவிடலாம்.

அடுத்து, கல்லின் நிறத்தை இரு சிறு சாளரங்களில் பிரித்துக் காட்டும் டைக்ரோஸ்கோப். சின்ஹலைட் திசைக்கேற்ப நிறம் மாறுவதை நன்றாகவே காட்டும்: ஒரு சாளரத்தில் வெளிர்பழுப்பும் மற்றதில் பச்சை சார்ந்த பழுப்போ அடர்பழுப்போ தெரியும். பெரிடாட்டில் இந்த வேறுபாடு மிக மெலிது. ஆயினும் வெளிர்நிறச் சின்ஹலைட்டில் இது தெளிவாகத் தெரியாமல் போகலாம் என்பதால், வேறுபாடு தெரிந்தால் மகிழலாம், தெரியாவிட்டால் கல்லைத் தள்ளிவிடக்கூடாது.

ஒளிவிலகல்மானியில் எதைப் பார்ப்பது

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் நிதானமாகப் படிக்க வேண்டுமென்றால் அது இதுதான். பட்டை தீட்டிய கல்லின் மேல்தளத்தையோ, கூழாங்கல்லாக இருந்தால் பட்டறையில் ஒரு பக்கம் தேய்த்து மெருகேற்றிய சிறு சமதளத்தையோ, ஒளிவிலகல் எண்ணை அளக்கும் கருவியான ஒளிவிலகல்மானியின் கண்ணாடியில் இட்ட ஒரு சிறு துளி தொடர்புத் திரவத்தின் மேல் வையுங்கள். மஞ்சள் ஒற்றைநிற ஒளியும் சுழற்றக்கூடிய போலராய்டு வடிகட்டியும் கட்டாயம் தேவை. கல்லைச் சுமார் 15 பாகை வீதம் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் அளவுகோலில் தெரியும் இரு நிழல் விளிம்புகளின் தாழ்ந்த அளவையும் உயர்ந்த அளவையும் குறித்துக்கொண்டே 180 பாகை வரை செல்ல வேண்டும். சோம்பல்பட்டு இரண்டே நிலைகளில் அளந்து நிறுத்துபவர்கள், சின்ஹலைட்டைக் காட்டிக்கொடுக்கும் சான்றைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

சின்ஹலைட்டில் மிகத் தாழ்ந்த அளவு 1.67 அருகிலும் மிக உயர்ந்த அளவு 1.71 அருகிலும் வரும். இவ்விரண்டுக்கும் இடையே அமையும் நடு அளவு சுமார் 1.70. வழக்கமான பெரிடாட்டில் இவை முறையே 1.654, 1.690, 1.672 என்ற அளவில் இருக்கும். இந்த எண்களைப் பார்த்தாலே வேறுபாடு தெரிந்துவிடுமே என்று தோன்றும். ஆனால் இரும்பு கூடிய ஆலிவினில் எல்லா அளவுகளும் உயர்ந்து சின்ஹலைட்டின் எல்லைக்குள் வந்துவிடும். 1952க்கு முன் நேர்ந்த குழப்பம் இதே எண்களால் விளைந்தது. ஆகவே எண்களை மட்டுமன்றி அவை நகரும் விதத்தைப் பார்க்க வேண்டும். ஆலிவினில் நடு அளவு ஏறக்குறைய மற்ற இரண்டுக்கும் மத்தியில் இருப்பதால், கல்லைத் திருப்பும்போது தாழ்ந்த விளிம்பு மேலே வருவதும் உயர்ந்த விளிம்பு கீழே இறங்குவதும் ஏறத்தாழ ஒத்த தொலைவில் நிகழும். சின்ஹலைட்டில் நடு அளவு உயர்ந்த அளவை ஒட்டியே நிற்கிறது; எனவே தாழ்ந்த விளிம்பு 1.67இலிருந்து 1.70ஐ நோக்கி நெடுந்தொலைவு ஏறும், உயர்ந்த விளிம்போ 1.71இலிருந்து மிகக் கொஞ்சமே அசையும். ஒளியியலில் இதை ஈரச்சு எதிர்க்குறி என்பார்கள். வீட்டு மேசையில் செய்யக்கூடிய சோதனைகளில் எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது இந்த நகர்வுதான்.

மற்றக் கற்களும் இதே கருவியில் உதிர்ந்துவிடும். டூர்மலின் 1.62க்கும் 1.64க்கும் இடையிலும், கிரைசோபெரில் 1.75 அருகிலும் நிற்கும். கோர்னெருபைன் என்னும் அரிய பழுப்புப் பச்சைக் கல்லின் தாழ்ந்த அளவு சின்ஹலைட்டோடு ஒத்துப்போனாலும் இரட்டை ஒளிவிலகல் 0.013தான். பைராக்சீன் வகைச் சிலிக்கேட்டான டயாப்சைடு சற்று நெருக்கமான போட்டியாளர்; அதன் உயர்ந்த அளவு 1.70ஐ ஒட்டி வரும், ஆனால் இரட்டை ஒளிவிலகல் 0.03ஐத் தாண்டுவதில்லை. சிர்க்கான் பெரும்பாலும் கருவியின் அளவெல்லைக்கு வெளியே போய்விடும்.

எடையும் திரவமும்

சின்ஹலைட்டின் ஒப்படர்த்தி சுமார் 3.48, பெரிடாட்டினுடையது சுமார் 3.34. கல்லைக் காற்றிலும் நீருக்குள்ளும் எடைபோட்டு, காற்றில் உள்ள எடையை இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டால் வகுத்தால் ஒப்படர்த்தி கிடைக்கும். காற்றில் 5.22 கேரட்டும் நீரில் 3.72 கேரட்டும் நிற்கும் கல்லுக்கு வேறுபாடு 1.50, விடை 3.48. அதே எடையுள்ள பெரிடாட் நீரில் சுமார் 3.66 கேரட் காட்டும். 0.06 கேரட் வேறுபாட்டை 0.01 கேரட் வரை அளக்கும் தராசு எளிதாகப் பிரித்தறியும். ஆனால் கல் 1 கேரட்தான் என்றால் கதை வேறு: நீரில் 0.71 என்று காட்டினால் விடை 3.45, 0.70 என்று காட்டினால் 3.33. கடைசி இலக்கத்தின் ஒரே ஒரு தள்ளாட்டம் கனிமத்தின் பெயரையே மாற்றிவிடுகிறது. 3 கேரட்டுக்குக் குறைந்த கற்களுக்கு இம்முறையை நான் பரிந்துரைப்பதில்லை.

கல்லிலோ தொங்கவிடும் கம்பியிலோ ஒட்டும் காற்றுக்குமிழிகள் மற்றொரு தொல்லை. குமிழி கல்லைத் தூக்கிவிடுவதால் நீரில் எடை குறைந்து காட்டும், விடையும் குறையும், சின்ஹலைட் பெரிடாட்டாகிவிடும். கொதிக்கவைத்து ஆறவைத்த நீரில் ஒரு துளி பாத்திரம் துலக்கும் திரவத்தைக் கலந்து, மெல்லிய தூரிகையால் கல்லைத் தடவிவிட்டு எடைபோட்டால் இத்தொல்லை நீங்கும்.

சிறு கற்களுக்கு மெத்திலீன் அயோடைடு திரவம் ஏற்றது. அதன் ஒப்படர்த்தி சுமார் 3.32 என்பதால் பெரிடாட் அதில் தயங்கித் தயங்கி இறங்கும், சின்ஹலைட் சட்டென்று மூழ்கும். ஏற்கெனவே அறிந்த பெரிடாட் ஒன்றை அருகருகே விட்டுப் பார்த்தால் வேறுபாடு ஐயமின்றித் தெரியும். இத்திரவம் நச்சுத்தன்மை உடையது. கையுறை, சன்னல் திறந்த அறை, சோதனை முடிந்ததும் கல்லையும் கையையும் கழுவுதல் ஆகியவற்றில் சலுகையே கூடாது. ஒளிவிலகல்மானியின் தொடர்புத் திரவத்திலும் வழக்கமாக இதே பொருள் கலந்திருக்கும் என்பதால் அதையும் அவ்வாறே கையாள வேண்டும்.

நீலப் பகுதியில் நான்காவது பட்டை

கையடக்க நிறமாலைகாட்டி இருந்தால் கல்லை ஊடுருவிவரும் ஒளியை ஆராயுங்கள். பெரிடாட்டில் இரும்பு காரணமாக 493, 473, 453 நானோமீட்டர் அருகே மூன்று கருமையான பட்டைகள் ஏறத்தாழ ஒரே இடைவெளியில் அமைந்திருக்கும். சின்ஹலைட்டிலும் இவற்றுக்கு மிக நெருங்கிய இடங்களில் பட்டைகள் தெரியும். அவற்றோடு 463 நானோமீட்டர் அருகே நான்காவதாக ஒன்று கூடுதலாக இருக்கும். அந்த ஒற்றைப் பட்டையைக் கண்டுவிட்டால் பெரிடாட் என்ற ஐயம் முடிந்தது.

காண்பதுதான் கடினம். வெள்ளை எல்.இ.டி. விளக்கு இதற்கு உதவாது. அதன் ஒளியில் நீலத்துக்கும் பச்சைக்கும் இடையே இயல்பாகவே ஒரு பள்ளம் உண்டு, அதைப் பட்டை என்று மயங்குவது எளிது. ஆலசன் விளக்கைப் பயன்படுத்தி, அறையை இருட்டாக்கி, பச்சை, மஞ்சள், சிவப்புப் பகுதிகளை நீல வடிகட்டியால் மறைத்துவிட்டுக் கண்ணைப் பழக்கிக்கொள்ள வேண்டும். வெளிர்நிறக் கற்களில் இரும்பு குறைவாக இருப்பதால் பட்டைகளும் மங்கலாகவே இருக்கும்; அத்தகைய கல்லை நீளவாக்கில் வைத்து, ஒளி கல்லுக்குள் அதிக தூரம் செல்லும்படி செய்தால் ஓரளவு தெளிவு கிடைக்கும்.

போரான் இருப்பதை நேரடியாகக் காட்ட முடியாதா என்று சிலர் கேட்பதுண்டு. வெண்காரக் கரைசலில் சிறிது அமிலம் விட்டு மஞ்சள் தூள் தோய்த்த தாளை நனைத்து உலர்த்தினால் தாள் செம்பழுப்பாகும். மெத்தனாலில் கலந்து எரித்தால் சுவாலை பச்சையாகும். கரையும் போரேட்டுகளுக்கு இவை அழகான சோதனைகள். சின்ஹலைட் அவ்வாறு கரைவதில்லை; போரானை வெளிக்கொணரக் கல்லைப் பொடித்து உருக்க வேண்டும், அப்போது சேகரிக்கக் கல்லே இருக்காது.

ஆய்வுக்கூடத்துக்கு எப்போது அனுப்புவது

மேற்சொன்ன மூன்று அளவீடுகளும் ஒன்றையொன்று ஆதரித்தால் சொந்தச் சேகரிப்புக்கு அதுவே போதும். பெரிய கல், விற்கப்போகும் கல், அளவீடுகள் முரண்படும் கல் ஆகியவற்றை மட்டும் ரத்தின ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம். ராமன் நிறமாலை ஆய்வு கல்லுக்குச் சேதமின்றி ஒரு சில நிமிடங்களில் விடை சொல்லிவிடும். மெருகேற்றாத கூழாங்கல்லுக்கும் அது பொருந்தும் என்பதால், தேய்த்துப் பார்க்க மனம் வராத கற்களுக்கு இதுவே சிறந்தது. எக்ஸ்-கதிர் ஒளிர்வு முறையில் தனிமங்களைக் கணக்கிடும் வழக்கமான கருவிகளுக்குப் போரான் மிக இலேசான தனிமம். அவை அதைக் காணாது. ஆனால் அலுமினியம் நிறைந்து, சிலிக்கான் இல்லாதிருப்பதை அவை காட்டினால் ஆலிவினும் பைராக்சீன் வகைகளும் ஒரே வீச்சில் விலகிவிடும். அறிக்கை வாங்கும்போது பெயரை மட்டும் எழுதித் தருவதை ஏற்காமல், அளந்த ஒளிவிலகல் எண்களையும் ஒப்படர்த்தியையும் சேர்த்து எழுதித் தருமாறு கேளுங்கள்.

சேகரிப்பில் வைப்பது

படிக முகங்களோடு கூடிய சின்ஹலைட் மிக அரிது; மோகோக்கிலிருந்து அவ்வாறு சில வந்திருக்கின்றன. இலங்கைக் கற்களில் அதை எதிர்பார்த்துக் காத்திருப்பது வீண். மாறாக, தேய்ந்த கூழாங்கல் ஒன்றையும் பட்டை தீட்டிய கல் ஒன்றையும் இணையாக வைத்துக்கொள்வது அழகாகவும் பயனுள்ளதாகவும் இருக்கும். வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் 100 கேரட்டைத் தாண்டிய பட்டை தீட்டிய சின்ஹலைட் உள்ளது. நம் போன்றோருக்கு 2, 3 கேரட் கற்களே இயல்பான இலக்கு. கூழாங்கல்லைத் தீட்டக் கொடுப்பதற்கு முன் அதன் நிறத்தை எல்லாத் திசைகளிலும் பார்த்து, எந்தத் திசையிலிருந்து பொன்மஞ்சள் சாயல் தெரிகிறதோ அதை மேல்தளமாக வைக்கும்படி பட்டறைக்காரரிடம் குறித்துக் காட்டுங்கள். திசை தவறினால் மந்தமான பழுப்புக் கல்தான் திரும்பி வரும்.

அடையாளச் சீட்டில் அளந்த எண்களையும் அளந்த தேதியையும் வாங்கிய இடத்தையும் எழுதுங்கள். இதில் ஓர் எச்சரிக்கை: பல பகுதிகளின் கற்களும் இரத்தினபுரிச் சந்தைக்கு வந்து விற்கப்படுகின்றன. எனவே தோண்டிய குழி எதுவென்று உறுதியாகத் தெரியாவிட்டால் ‘இரத்தினபுரியில் வாங்கியது’ என்று மட்டுமே எழுத வேண்டும். ‘இரத்தினபுரியில் தோன்றியது’ என்று எழுதினால் அடுத்து வருபவருக்குப் பொய்யான தகவலை விட்டுச்செல்கிறோம். பழைய ‘பழுப்புப் பெரிடாட்’ சீட்டோடு வந்த கல்லாக இருந்தால் அந்தச் சீட்டைத் தூக்கி எறியாமல் புதிய சீட்டுக்குப் பின்னால் சேர்த்து வையுங்கள். கல்லின் வரலாற்றில் அதுவும் ஒரு பகுதி. நீலமும் கிரைசோபெரிலும் சின்ஹலைட்டைக் கீறிவிடும் என்பதால் அவற்றோடு ஒரே பொட்டலத்தில் போடாமல் தனித் தாள்மடிப்பிலோ சிறு பெட்டியிலோ வைத்தால் போதும். ஈரத்துக்கும் வெயிலுக்கும் அஞ்சிச் செய்ய வேண்டிய தனிப் பாதுகாப்பு ஏதும் இதற்கு இல்லை.